இழந்த இருள்: மலையகத்து வானம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கிரேக்க மெய்யியலின் வரலாறு ஒரு பெண்ணின் சிரிப்போடு தொடங்குகின்றது எனலாம். மிலேற்றசு நகரத்தவரான தேலிஸ் என்னும் அறிஞர் விண்மீன்களை அண்ணாந்து நோக்கியவாறு நடந்து சென்று கிணற்றினுள் விழுந்தார் என்றும், அதனைக் கண்ட திரேசிய நாட்டுப் பணிப்பெண் ஒருத்தி அவரைக் கேலி செய்தாள் என்றும் பிளேற்றோ தமது 'தியேற்றேற்றசு' என்னும் நூலிற் குறிப்பிடுகின்றார். காலடியிற் கிடப்பது தெரியாதவருக்கு வானத்தின் செய்தி எதற்கு என்பதே அக்கேலியின் சாரம். பின்வந்த மெய்யியலாளர்கள் இக்கதையைப் பலவாறு விளக்கியுள்ளனர். பெரும்பாலோர் தேலிசின் பக்கம் நின்றே விளக்கினர் என்பதில் வியப்பில்லை. அவர்களும் அவரது தொழிலைச் செய்தவர்களே. ஆயின் அப்பணிப்பெண்ணைப் பற்றி எவரும் அதிகம் கேட்கவில்லை. அந்த வேளையில் அவள் கிணற்றடிக்கு ஏன் வந்தாள்? குடமும் கயிறும் ஏந்தி வந்தவளாகத்தான் இருத்தல் வேண்டும். பகல் முழுதும் பிறர் வீட்டில் உழைத்து, இருட்டிய பின்னரும் நீர் சுமக்க வந்த ஒருத்தியின் தலைக்கு மேலும் அதே வானந்தான் விரிந்திருந்தது. தேலிஸ் கண்ட விண்மீன்களை அவளும் கண்டாள். அவை அவளுக்கும் உரியவையா, அவற்றை இழந்தால் அவள் எதையேனும் இழந்தவளாவாளா என்னும் வினாவை அக்கதை எழுப்பவில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலோ அவ்வினா இன்று எழுந்து நிற்கின்றது.

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் எனப் பிரியும் இடத்தில் நோர்வூட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரம். நாற்புறமும் தேயிலை மலைகள். அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடும் கெசல்கமு ஓயா. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால் இவ்வூருக்கு வானியலில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. ஆண்டு முழுவதும் பொறுத்திருந்து பார்ப்பவருக்கு வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுமையாகக் கிட்டும். வடக்கே துருவமீன் அடிவானத்தை ஒட்டி மலைமுகட்டின் பின்னால் ஒளிந்துகொள்ளும்; தெற்கே திரிசங்கு என்னும் சிலுவை வடிவ மீன்கூட்டம் எழுந்து மறையும். தைமாதத்து இரவில் திருவாதிரை உச்சிக்கு வர, தென்திசையில் அகத்தியம் தனித்து ஒளிரும். மாசி, பங்குனியில் விடிவதற்கு முன் எழுபவர் கேட்டையும் மூலமும் தென்கிழக்கில் ஏறியிருக்கக் காண்பர். பால்வீதியின் நடுப்பகுதி அங்கேதான் உள்ளது. இலண்டனில் இருந்து பார்த்தால் அப்பகுதி அடிவானத்திலிருந்து பத்துப் பாகை அளவுதான் மேலெழும். நோர்வூட்டில் ஐம்பது பாகைக்கு மேல் உயரும். தோட்டத்தை ஆள வந்த துரைமார் தம் நாட்டிற் காணாத வானம் அது. அவர்களுள் எத்தனைபேர் அதற்காக எழுந்தனர் என்பது வேறு. விடியற்காலையில் தப்பொலி கேட்டெழுந்து, கம்பளியைத் தலையிற் போர்த்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு நடந்த தொழிலாளர் தலைமுறைகளுக்கு அவ்வானம் அன்றாடக் காட்சியாக இருந்தது.

காட்சியாக மட்டும் இருந்தது என்பதும் பொருந்தாது. தமிழர் வழக்கிற் பொழுதும் சடங்கும் விண்மீன்களோடு பிணைந்தவை. முழுமதி கார்த்திகை மீன்கூட்டத்தின் அருகே நிற்கும் நாளே கார்த்திகை விளக்கீடு. வானத்தில் ஆறு மீன்கள், வாசலில் அகல்விளக்குகள். மார்கழியில் திருவாதிரைக்கு ஒரு நாள் உண்டு. திருமணத்தில் அம்மி மிதித்தபின் அருந்ததி காட்டும் வழக்கம் தோட்டத்து மணவீடுகளிலும் தொடர்ந்து வருகின்றது. அருந்ததி ஒரு சிறு மீன். வசிட்டன் எனப்படும் ஒளிமிக்க மீனை ஒட்டி, கூர்ந்து நோக்குபவருக்கே புலப்படுவது. இந்நாளில் மணமக்கள் பெரும்பாலும் பகலில், மண்டபக் கூரையை அல்லது வெறும் நீலவானத்தைப் பார்த்துத் தலையசைக்கின்றனர். சடங்கு எஞ்சியிருக்கின்றது; அது சுட்டிய பொருள் கண்ணிலிருந்து நழுவிவிட்டது. இதற்கு மின்விளக்கை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று; முகூர்த்த நேரமும் மண்டப வாடகையும் அதிற் பங்குடையன. ஆயினும் இரவில் வெளியே வந்து பார்க்க நினைப்பவருக்கும் அச்சிறுமீன் எளிதில் அகப்படாத நிலை பல ஊர்களில் வந்துவிட்டது என்பதே ஈண்டு கருதத்தக்கது.

நோர்வூட் வட்டாரத்தின் இருளுக்கு ஒரு வரலாறு உண்டு, அது பெருமைக்குரியதன்று. இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை எந்திரியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரையில் விளக்கினார். நீண்ட தாமதத்தின் பின் 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணையும், அவ்வறுபதுகளின் இறுதியில் மவுசாகலை அணையும் நிறைவுற்றன. மவுசாகலையின் நீரில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தந்த மின்சாரம் உயர்ந்த கோபுரங்களின் கம்பிகள் வழியே தேயிலைச் செடிகளுக்கு மேலாகக் கடந்து சென்று கொழும்பின் வீதிகளை ஒளியூட்டியது. கம்பிகளின் கீழே இருந்த லயங்களிலோ குப்பி லாம்புதான் எரிந்தது. பெரும்பாலான லயங்களை மின்சாரம் வந்தடைந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிலும் அதன் பின்னருமேயாகும். ஆற்றின் அயலில் இருந்தவன் தாகத்தோடு இருந்தான் என்று இதனைச் சொன்னால் உவமை போலத் தோன்றும். இங்கு அது நேர்ப்பொருளிலேயே நடந்தது.

குப்பி லாம்பைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் அதன் புகையைச் சுவாசித்தவர்களாக இருப்பது அரிது. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி செருகிய அந்த விளக்கு, ஒரு குழந்தையின் கை பட்டாலே கவிழ்ந்து தீப்பிடிக்கும். இலங்கையில் அதனால் நேர்ந்த தீக்காயங்களைத் தம் அறுவைச் சிகிச்சைக் கூடத்திற் கண்டு மனம் நொந்த மருத்துவர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத, குட்டையும் கனமுமான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்துப் பரப்பினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். ஒரு நாட்டில் விளக்குக் கவிழாமல் இருப்பதே விருதுக்குரிய கண்டுபிடிப்பாக இருந்தது என்றால், அங்கே இருள் யார்மீது எவ்வாறு இறங்கியது என்பதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

தெருவிளக்கின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிட்டுச் சேவை வழங்குவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்தில் வாழ்ந்தவர் சபைக்கு வாக்களித்தனர். சபையின் விளக்குக் கம்பமோ தோட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிட்டது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நோர்வூட் பிரதேச சபை அமைந்ததும் அதே ஆண்டிலேயே. ஆகவே லயத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஒரு விளக்கு எரிகின்றதென்றால், அது வெறும் மின்குமிழ் அன்று. நீண்டகாலம் மறுக்கப்பட்ட குடிமையின் அடையாளம். இதனை மறந்துவிட்டு மலையகத்தின் ஒளி மாசு பற்றிப் பேசுவது அறியாமை. மறைத்துவிட்டுப் பேசுவது அதனினும் கொடிது.

இருந்தும் பேசவேண்டியே உள்ளது. உலகெங்கும் வானம் மங்கி வருகின்றது. செயற்கை ஒளியால் வானம் எங்கெங்கு எவ்வளவு வெளுத்துள்ளது என்பதைக் காட்டும் உலக வரைபடம் ஒன்றினை 2016இல் வானியலாளர் வெளியிட்டனர். மனிதருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தம் வாழிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர் என்பது அதன் முடிபு. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணாற் கண்டு பதிந்த குறிப்புகளைத் தொகுத்து, வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரி 9.6 வீதம் கூடிவருவதாகக் கணித்தது. 250 விண்மீன்கள் தெரியும் ஓரிடத்திற் பிறக்கும் குழந்தை பதினெட்டு வயதை அடையும்போது அங்கே ஏறத்தாழ நூறு மீன்களே தெரியும் என்பது அக்கணிப்பின் பொருள். நோர்வூட்டின் வானம் கொழும்பின் வானத்தோடு ஒப்பிட இன்னமும் நல்ல வானமே. ஆனால் அதன் நிலவமைப்பு அதற்கு எதிரானது. மாலையில் பள்ளத்தாக்கை நிரப்பும் மூடுபனியின் நுண்துளிகள் கடைவீதியின் வெளிச்சத்தையும், கொழுந்து வாட்டுவதற்காக இரவிலும் இயங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் வெளிச்சத்தையும் வாங்கி எல்லாத் திசையிலும் இறைக்கின்றன. புதிதாகப் பெருகிவரும் எல்.ஈ.டி. விளக்குகளுட் பல நீலம் கலந்த வெள்ளொளி வீசுபவை. நீல ஒளி காற்றின் மூலக்கூறுகளால் மிகுதியாகச் சிதறடிக்கப்படும். பகலில் வானம் நீலமாயிருப்பதற்கு எது காரணமோ அதுவே இரவில் விண்மீன்கள் மறைவதற்கும் காரணமாகின்றது.

இனி வினாவுக்கு வரலாம். ஒரு நன்மை, அநீதியின் பக்கவிளைவாகவே ஒருவருக்குக் கிடைத்திருந்தால், அவ்வநீதி நீங்கும்போது அந்நன்மையும் நீங்குவதைக் குறித்து வருந்தலாமா? வருந்தலாகாது என்போரின் வாதம் வலுவானது. லயத்து மக்கள் விண்மீன்களை விரும்பி இருளைத் தேர்ந்தவர்கள் அல்லர். வாய்க்காற் கரையில் இருந்த கழிப்பிடத்துக்கு இரவிற் செல்லவேண்டிய பெண்ணுக்கு இருள் அச்சம். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களிற் சிறுத்தைகள் நடமாடுவது கட்டுக்கதையன்று. பாம்பு, வழுக்குப் பாறை, குடித்துவிட்டு வருபவன் என்று இருளில் மறைந்திருந்தவற்றின் பட்டியல் நீளும். இத்தகையோரிடம் சென்று, உங்கள் தலைக்கு மேல் பால்வீதி இருந்ததே என்று சொல்வது, பட்டினி கிடந்தவனிடம் உண்ணாநோன்பின் சிறப்பை எடுத்துரைப்பதற்கு ஒப்பாகும். நோன்புக்கும் பட்டினிக்கும் வயிற்றில் வேறுபாடு இல்லை, விருப்பத்திலேதான் வேறுபாடு. திரேசியப் பணிப்பெண்ணின் சிரிப்பில் இவ்வாதம் முழுவதும் அடங்கியிருந்தது போலும்.

இவ்வாதத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதனை நிறுவுகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். திணிக்கப்பட்ட இருள் தீது என்பதை அது நிறுவுகின்றது. விண்மீன்கள் நன்மையல்ல என்பதை அது நிறுவவில்லை. ஒரு நன்மை எந்த வாசல் வழியாக வந்தது என்பது வேறு. அது நன்மையா என்பது வேறு. மலையகத்து நாட்டார் பாடல்களை எண்ணிப் பார்க்கலாம். கடல் கடந்த துயரும், கங்காணியின் கொடுமையும், மழையில் நனைந்த கொழுந்துக் கூடையும் இல்லையெனில் அப்பாடல்களுட் பல பிறந்திரா. அத்துயர் மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்புவதில்லை. அதற்காகப் பாடல்களை மறந்துவிடுதல் விடுதலையின் பகுதி என்றும் எவரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தேடித் தொகுக்கின்றன. வானத்துக்கும் அதே மதிப்பைத் தருவதில் தடை என்ன? தடை ஒன்று உண்டு, அதை மறைக்கலாகாது. பாடலை அதன் துயரத்திலிருந்து பிரித்தெடுத்து வெளிச்சமுள்ள மண்டபத்திற் பாடலாம். விண்மீனை இருளிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அது இருளிலேதான் தெரியும். எனவே உவமை பாதிவழியில் நொண்டுகின்றது.

நொண்டும் இடத்தில் அறவியல் சிறிது பௌதிகத்தின் துணையை நாடவேண்டியுள்ளது. லயத்துப் பாதையைக் காட்டும் ஒளியும் விண்மீனை மறைக்கும் ஒளியும் பெரும்பாலும் ஒன்றல்ல. முன்னது விளக்கிலிருந்து கீழே தரையில் விழுவது. பின்னது விளக்கின் பக்கவாட்டிலும் மேலேயும் தப்பிச் செல்வது. அவ்வாறு தப்பும் ஒளி எந்தப் பெண்ணின் காலடிக்கும் பயன்பட்டதில்லை, எந்தச் சிறுத்தையையும் காட்டிக்கொடுத்ததில்லை. விளக்கின் மேல் ஒரு மூடி, தேவைக்கு மிஞ்சாத பிரகாசம், 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் நிறம் ஆகிய மூன்றும் அமைந்தால் பாதை தெளிவாகவும் வானம் இருளாகவும் இருத்தல் பெரிதும் கூடும். கண்ணைக் கூசச்செய்யும் வெறும் விளக்கு தன் அருகில் உள்ள நிழலை இன்னும் கறுப்பாக்குகின்றது என்பதையும் நடந்து பழகியவர் அறிவர். இத்தனை செய்தபின்னும் ஓரளவு மோதல் எஞ்சும்; தரையில் விழுந்த ஒளியும் ஓரளவு மேலே தெறிக்கும், நனைந்த தார்ப்பாதையில் இன்னும் அதிகமாகத் தெறிக்கும். அந்த எச்சத்திற் பாதைக்கே முதலிடம். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை: ஒரு பிள்ளை பத்திரமாக வீடு சேர்வதற்காகச் சில மீன்கள் மறையலாம். ஆனால் ஒரு விளம்பரப் பலகை விடிய விடிய எரிவதற்காகவோ, ஆளில்லாத முற்றத்தை விடுதியொன்று வெள்ளமாய் ஒளியூட்டுவதற்காகவோ மறையலாம் என்று யார் இசைந்தனர்?

இசைவு பற்றிய இக்கேள்வியே மையமானது. வானத்தை இழப்பவர் அனைவரும் ஒரே அளவில் இழப்பதில்லை. கொழும்பின் புறநகரான கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், 1996இல் யப்பானின் உதவியுடன் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. சூழவுள்ள நகரத்தின் ஒளியோடு அது போராட வேண்டியுள்ளது. வசதியுள்ள நகரத்தவர் வானத்தைக் காண விரும்பினால் வாகனமேறி வேறிடம் செல்லலாம். இருண்ட வானத்தையே விற்பனைப் பொருளாக்கிய விடுதிகள் உலகிற் பல உள. நோர்வூட்டின் தொழிலாளிக்கு அத்தகைய வேறிடம் இல்லை. அவர் வாழும் காம்பரா பெரும்பாலும் அவருக்குச் சொந்தமன்று; நடக்கும் நிலமும் சொந்தமன்று; 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின் அவரது பாட்டன் பாட்டிக்கு நாடே சொந்தமில்லாது போயிற்று, அவ்வழக்கு முற்றாகத் தீர 2003 வரை சென்றது. தோட்டத்துப் பேரேட்டிற் பதியப்படாத உடைமை ஒன்று அவருக்கு இருந்ததென்றால் அது தலைக்கு மேல் இருந்ததுவே. எதுவும் இல்லாதவனுக்கு வானமாவது உண்டு என்று ஆறுதல் கூறுவது மலிவான கற்பனை. அதனை இக்கட்டுரை கூற வரவில்லை. உரிமை மறுக்கப்பட்டோருக்கு ஒன்றொன்றாக உரிமை வந்துசேரும் வேளையில், விலைகொடாது அவர்களிடம் இருந்த ஒன்றினை எவரும் கேளாமலே எடுத்துக்கொள்வது இன்னுமொரு பறிப்பு என்பதே கூறவந்தது.

கேட்டுச் செய்தால் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இமயத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லடாக்கின் ஹன்லே என்னும் உயர்ந்த சமவெளியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. 2022 டிசம்பரில் அவ்வட்டாரம் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தவர் விளக்குகளுக்கு மூடியிடவும் சன்னல்களுக்குத் தடித்த திரையிடவும் வேண்டப்பட்டனர். அதனோடு நின்றிருந்தால் அது தேலிசின் ஆட்சியாக முடிந்திருக்கும். அவ்வூரவருட் சிலர் வானியலிற் பயிற்றப்பட்டு, அவர்கள் கையிலே தொலைநோக்கிகளும் கொடுக்கப்பட்டன. வருவோர்க்கு வானத்தைக் காட்டுவது அவர்களது தொழிலாகவும் ஆயிற்று. பணிப்பெண் கிணற்றடியிலிருந்து தொலைநோக்கியின் பின்னால் வந்து நின்றாள். அமெரிக்காவின் பிளாக்ஸ்ராவ் என்னும் சிறு நகரம் 1958இலேயே வானை நோக்கிய தேடொளி விளக்குகளுக்குத் தடைவிதித்தது. அங்கே ஆய்வகத்தின் நலன் முந்தியது. ஹன்லேயில் ஊரவரின் பங்கும் பேசப்பட்டது. நோர்வூட்டிலோ ஆய்வகம் ஏதுமில்லை. ஆகவே அங்கே வானத்தைக் காக்கவேண்டும் என்றால் அதற்குரிய காரணம், அண்ணாந்து பார்க்கக்கூடிய மனிதர்கள் அங்கே வாழ்கின்றனர் என்பது மட்டுமே. அறிவியலின் பயன், சுற்றுலாவின் வருவாய் என்னும் ஊன்றுகோல்கள் இல்லாமல் அக்காரணம் தனித்து நிற்குமா என்பதிலேதான் இவ்வினாவின் கூர்மை உள்ளது.

நிற்கும் என்பதற்குக் கான்ற் துணைவருவார். பால்ரிக் கடலோரத்துக் கோனிக்ஸ்பேர்க் நகரத்தை விட்டு அதிகம் வெளியே செல்லாத அம்மெய்யியலாளர், 1788இல் வெளிவந்த நூலொன்றின் முடிவுரையில் மேலுள்ள விண்மீன் வானத்தையும் மனிதனுள் உள்ள அறநெறியையும் அருகருகே வைத்தார். அவரது கல்லறையிலும் அவ்வாசகமே பொறிக்கப்பட்டுள்ளது. வானம் மனிதனின் சிறுமையை அவனுக்குக் காட்டுகின்றது; அறநெறி அவனது மதிப்பைக் காட்டுகின்றது என்பது அவர் கருத்து. மலையகத்துக்கு இதனை அப்படியே பெயர்த்து வைப்பதிற் சிறு இடர் உண்டு. தொழிலாளிக்கு அவரது சிறுமையை நினைவூட்ட வானம் தேவைப்படவில்லை. அதனை நினைவூட்டத் துரையும் கணக்கப்பிள்ளையும் இருந்தனர். ஆனால் விண்மீன்களின் முன் துரையும் அதே அளவிற் சிறியவர் என்பது கான்ற் எழுதாத, தோட்டத்திற்கு மிகவும் வேண்டப்பட்ட உண்மை. பங்களா எவ்வளவு உயரத்திற் கட்டப்பட்டாலும் அதற்கும் லயத்துக்கும் திருவாதிரை சமதூரந்தான். இந்த அளவுகோல் எப்போதும் தலைக்கு மேல் இருப்பது ஒரு சமுதாயத்துக்கு நல்லது.

2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. ஏப்ரல் முதலாம் திகதி அமாவாசை. நிலவும் இல்லை, விளக்கும் இல்லை. பல ஆண்டுகளாகக் காணாத விண்மீன்கள் இலங்கையின் நகரங்கள்மீதும் வந்து நின்றன. அவற்றுக்காக எவரும் நன்றி கூறவில்லை, கூறவும் வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர், பரீட்சைக்குப் படித்தவர், மருந்து குளிரூட்டியிற் கெட்டுவிடுமோ என்று அஞ்சியவர் ஆகியோரின் வானம் அது. திணிக்கப்பட்ட இருள் எவ்வளவு மீன்களைக் கொண்டுவந்தாலும் இருளாகவே இருக்கும் என்பதை அந்நாட்கள் காட்டின. வேறொன்றையும் காட்டின: விண்மீன்கள் எங்கும் போய்விடவில்லை. காட்டையோ ஆற்றையோ அழித்தால் மீள ஒரு தலைமுறை வேண்டும். வானத்தைத் திரும்பப் பெற ஓர் ஆளியின் அசைவு போதும். எந்த ஆளியை, யார், எப்போது அணைப்பது என்பதை அங்கு வாழ்வோரே கூடித் தீர்மானிக்கும் நாள் இன்னும் வரவில்லை. தெருவிளக்கு வேண்டும் என்ற கோரிக்கை பிரதேச சபைக்குச் செல்லும்போது, மூடியுள்ள விளக்கு வேண்டும் என்ற ஒரு சொல்லையும் சேர்த்து எழுதுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. அச்சொல்லை எழுதத் தெரிந்த பிள்ளைகள் அத்தோட்டங்களிலிருந்து இப்போது பல்கலைக்கழகங்களுக்கு வருகின்றனர்.

நோர்வூட் வழியாகத்தான் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அட்டன் பாதையும் செல்கின்றது. மார்கழியின் உந்துவப் பௌர்ணமியில் யாத்திரைக் காலம் தொடங்கும். வைகாசியின் வெசாக் பௌர்ணமியில் முடியும். அம்மாதங்களில் நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிகளின் ஓரமாக விளக்குகள் எரியும். மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் நின்று பார்ப்பவருக்கு அவ்விளக்குவரிசை வளைந்து வளைந்து மேலேறி, எங்கே விளக்கு முடிகின்றது, எங்கே விண்மீன் தொடங்குகின்றது என்று தெரியாதபடி வானத்தோடு கலக்கும். அவ்விளக்குகளை எவரும் மாசு என்று சொல்லத் துணியார். இருட்டில் ஆயிரக்கணக்கான படி ஏறுபவரின் கால்களுக்கு அவை வேண்டும். யாத்திரை முடிந்ததும் அவை அணைக்கப்படும். மலையில் மீண்டும் இருள் நிறையும். ஆனால் அதற்குள் தென்மேல் பருவக்காற்று எழுந்துவிடும். மேகம் பள்ளத்தாக்கை மூடி, புரட்டாதி வரை பெரும்பாலான இரவுகளில் ஒரு மீனும் தெரியாமல் மழை பெய்யும்.